தட்டுவடை செட்டை நாற்பது பேருக்கு நமுத்துப் போகாமல் கொடுப்பது எப்படி?

செவ்வாய்பேட்டைக்காரன்:

சேலத்துக்காரர்கள், கூட்டத்துக்குச் சமைத்துப் பழகியவர்கள், தங்கள் ஊர்ப் பண்டத்துக்காக வாதாடத் தயாராக இருப்பவர்கள், எல்லோரும் வாருங்கள். உதவி வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் தன் ஊர்த் தெருவில் விற்கும் எளிய பண்டத்தை எல்லோருக்கும் செய்து கொடுக்க வேண்டும். விருந்துப் பலகாரம் கூடாது, கடையில் வாங்கி வந்து பிரித்து வைக்கவும் கூடாது. கையில் பிடித்து நின்றபடியே சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். கட்ச் பகுதியின் மாண்டவியிலிருந்து வந்த ஒரு பெண் தபேலி கொடுத்தார். பாவ் என்ற மெத்தென்ற சிறு பன்னுக்குள் மசாலா சேர்த்த உருளைக்கிழங்கு, மாதுளை முத்து, வறுத்த வேர்க்கடலை. அருமையாக இருந்தது. போன மாதம் மும்பை தாதரில் வளர்ந்த நண்பர் வடாபாவ் கொடுத்தார். வடையை அங்கேயே பொரித்து, பாவைப் பிளந்து, பூண்டுப் பொடியைத் தூவி, பக்கத்தில் உப்புப் போட்டு வதக்கிய பச்சை மிளகாயோடு நீட்டினார். சாப்பிட்டு முடித்த கையோடு, "இந்தியாவில் இதற்குமேல் ஒரு சாண்ட்விச் கிடையாது" என்று அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அடுத்த முறை என்னுடையது.

நான் கொடுக்கப் போவது தட்டுவடை செட். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய தட்டுவடை, அதாவது மொறுமொறுவென்ற தட்டை, ஒன்று அடியில். அதன்மேல் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி கொஞ்சம், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த பச்சைச் சட்னி கொஞ்சம். நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடை. இதைக் கடித்துச் சாப்பிடக் கூடாது. வாயை அகலத் திறந்து முழுதாக உள்ளே தள்ள வேண்டும். முதலில் நொறுங்கும் சத்தம், அடுத்து பீட்ரூட்டின் இனிப்பு, அதற்குப் பிறகுதான் பூண்டின் காரம் மெதுவாகக் காதுவரை ஏறும். அந்த நேரத்தில் கை தானாகவே அடுத்த செட்டை எடுத்திருக்கும்.

சேலத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு தள்ளுவண்டி நிற்கும். தறிக்காரர், வெள்ளிப் பட்டறைக்காரர், டியூஷன் முடித்த பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்பார்கள். கடைக்காரர் தகரத் தட்டில் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்புவார். கரண்டியின் பின்பக்கத்தால் சட்னியைத் தொட்டு ஒரே இழுப்பில் நான்கைந்தின் மேல் தடவிவிடுவார். துருவலை மூன்று விரலால் அள்ளி வைத்து, மேல்வடையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவார். அந்த அழுத்தம் ஒரு கணக்கு. அதிகமானால் உடையும், குறைந்தால் துருவல் நிற்காது.

என் சிக்கல் இதுதான். சட்னி தடவிய பத்து நிமிடத்தில் அடிவடை நமுக்க ஆரம்பிக்கும். நாற்பது பேருக்கு முன்கூட்டியே அடுக்கி வைத்தால் கடைசி ஆளுக்குப் போகும்போது ஈரத் துணி மாதிரி இருக்கும். தட்டுவடை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும், அதில் கவலை இல்லை. சட்னியை எவ்வளவு கெட்டியாக அரைப்பது? பீட்ரூட் தண்ணீர் விடுவதை எப்படித் தடுப்பது? தலைக்கு எத்தனை செட் கணக்கு வைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அமராவதிக் கரை:

தம்பி, உங்கள் சிக்கலுக்குக் கரூர்க்காரர்கள் என்றைக்கோ தீர்வு கண்டுவிட்டோம். அதற்குப் பெயர் கரம். அடுக்கி வைப்பது, அழுத்துவது, கட்டைவிரல் கணக்கு எதுவும் வேண்டாம். தட்டுவடையையும் முறுக்கையும் கையால் நொறுக்கிப் போடுங்கள். அதே சட்னிகள், அதே கேரட், பீட்ரூட், வெங்காயம். ஒரு அகலப் பாத்திரத்தில் நான்கு புரட்டுப் புரட்டினால் முடிந்தது. வேகவைத்த முட்டையைச் சேர்த்துப் பிசைந்தால் முட்டை கரம். பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்தும் துணிக் கம்பெனியிலிருந்தும் மாலையில் களைத்து வருபவர்கள் கரம் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். காரத்தில் கண்ணில் நீர் வந்தால்தான் எங்களுக்குத் திருப்தி.

நாற்பது பேருக்கு இதை விடச் சுலபமான வழி இல்லை. காகிதக் கிண்ணத்தில் போட்டு ஒரு கரண்டியைச் செருகிக் கொடுங்கள். தாதர் நண்பர் இரண்டாவது கிண்ணம் கேட்பார், இது என் உறுதி.

செவ்வாய்பேட்டைக்காரன்:

அண்ணா, கரம் எனக்கும் பிடிக்கும். கரூர் வழியாகப் போனால் முட்டை கரம் சாப்பிடாமல் பஸ் ஏறியதில்லை. எங்கள் ஊரிலும் நொறுக்கல் உண்டு, முட்டை நொறுக்கல் உண்டு, அவற்றுக்கும் தனிக் கூட்டம் உண்டு. ஆனால் போட்டி சாண்ட்விச் பற்றியது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சரக்கு என்று நின்றால்தான் வடாபாவுக்கு எதிரே வைக்க முடியும். கிண்ணத்தில் கரண்டி போட்டுக் கொடுத்தால் தாதர்க்காரர் அதைச் சேவ்பூரி வகையில் சேர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

தாராவிப் பெண்:

வடாபாவ் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்பதால் வருகிறேன். என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், நாங்கள் மூன்று தலைமுறையாகத் தாராவி. வீட்டில் சொதி, வாசலுக்கு வெளியே வடாபாவ் என்று வளர்ந்தவள் நான்.

வடாபாவை எளிதாக எடை போட வேண்டாம். 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் போட்ட கடையிலிருந்துதான் அது பரவியது என்று இங்கே சொல்வார்கள். பரேல், லால்பாக் பக்கத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. ஷிப்டுக்கு ஓடும்போது ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம், விலையும் குறைவு, வயிறும் நிறையும். உருளைக்கிழங்கு வடை அதற்கு முன்பும் இருந்தது, பாவும் போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கையில் கொடுத்தபோது ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. என் பள்ளிக்கூடக் காலத்து மதிய உணவு பெரும்பாலும் அதுதான். மழைக்காலத்தில் ரயில் தாமதமாகும்போது பிளாட்பாரத்தில் நின்று சாப்பிடும் சூடான வடாபாவுக்கு ஈடாக எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தட்டுவடை செட் உட்பட.

ஆனால் உதவி கேட்டீர்கள், சொல்கிறேன். எங்கள் ஊரில் இன்னொரு சாண்ட்விச் இருக்கிறது. வெள்ளை பிரெட்டில் பச்சைச் சட்னி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட். எல்லாமே தண்ணீர் விடும் காய்கள், பிரெட்டோ மெத்தென்றது. ஆனாலும் ஊறிப் போகாது, ஏன் தெரியுமா? சாண்ட்விச் வண்டிக்காரர் முதலில் பிரெட்டின் ஓரம்வரை வெண்ணெய் தடவுவார். அதன் மேல்தான் சட்னி. கொழுப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் எளிதில் இறங்காது. காய்களை நறுக்கி அடுக்குவதும் நீங்கள் கேட்ட பிறகுதான். உப்பும் மசாலாவும் கடைசியில். காயில் முன்கூட்டியே உப்பு விழுந்தால் அது தன்னிடம் உள்ள தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளிவிடும். உங்கள் துருவலில் உப்பே சேர்க்காதீர்கள், சட்னியில் இருக்கும் உப்பு போதும்.

வடமராட்சி:

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் பருத்தித்துறை. தட்டுவடை என்று தலைப்பைக் கண்டதும் நிற்காமல் போக முடியவில்லை.

எங்கள் பருத்தித்துறை வடையும் தட்டையாக, மெல்லியதாக, மொறுமொறுவென்று இருக்கும். உழுந்து, கோதுமை மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்துக் குழைத்து, தட்டிப் பொரிப்பது. அதற்குள் எதுவும் வைப்பதில்லை, சட்னியும் இல்லை. ஒரு கையில் வடை, மறுகையில் பிளேன்டீ. நன்றாகப் பொரித்துக் காற்றுப் புகாத பேணியில் போட்டால் நாள்கணக்கில் இருக்கும். ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியைத் திறக்கும் முன்னரே வடைப் பார்சலின் வாசம் வந்துவிடும். கனடாவில் பிறந்த என் பிள்ளைகள் சிப்ஸ் பைகளை ஒதுக்கிவிட்டு இதை எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

சாண்ட்விச் என்று பார்த்தால் எங்களுக்கு ரோஸ் பாணும் சம்பலும்தான். பேக்கரியில் சூடாக வாங்கிய தட்டையான பாணைப் பிளந்து, பட்டர் தடவி, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்த சம்பலை உள்ளே வைத்து அழுத்த வேண்டும். தாராவித் தங்கை சொன்ன வெண்ணெய் விஷயம் இங்கேயும் பொருந்துகிறது. அம்மா பட்டர் தடவாமல் சம்பல் வைக்க விடமாட்டார்.

தம்பிக்கு ஒரு கேள்வி. பஸ்ஸில் வரும் தட்டுவடை எப்படிக் கட்டி வருகிறது? சூடு ஆறாமல் மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். சட்னி தொடும் முன்னரே நமுத்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

அம்மாபேட்டை அக்கா:

தம்பி, நான் வீட்டிலேயே தட்டுவடை போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்க வரும் கூட்டத்துக்குச் செட் போட்டும் கொடுத்திருக்கிறேன். கூட்டம் எனக்குப் பழக்கம். நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வடை. செட்டுக்கு வாங்கும் தட்டுவடை, வெறுமனே தின்னும் தட்டுவடையை விடக் கொஞ்சம் கனமாகவும் சிறிதாகவும் இருக்க வேண்டும். உங்களுக்குப் போட்டுக் கொடுப்பவரிடம் "செட்டுக்கு" என்று சொல்லி வாங்குங்கள். மாவைத் தட்டியதும் முள்கரண்டியால் நான்கு இடத்தில் குத்த வேண்டும். இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பும், உப்பிய வடையின் மேல் எதுவும் நிற்காது. எண்ணெயில் போட்டதும் சலசலவென்று குமிழி வரும் அல்லவா? மிதமான தீயில் அந்தச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை விட வேண்டும். சத்தம் இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நிறம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்தால் மாலையில் நமுத்துவிடும். பருத்தித்துறை அம்மா சொன்னது சரி, முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். நான் ஒரு ராத்திரி முழுவதும் துணியில் பரப்பி வைத்துவிட்டுத்தான் கட்டுவேன்.

கணக்கு. தலைக்கு ஐந்து செட் வையுங்கள். நாற்பது பேருக்கு இருநூறு செட், நானூறு வடை. உடைவதற்கும் இன்னொரு தடவை கேட்பதற்குமாக ஐம்பது சேர்த்து வாங்குங்கள். உடைந்ததை வீணாக்க வேண்டாம், கடைசியில் நொறுக்கல் போட்டுவிடலாம், கரூர்க்காரரும் சந்தோஷப்படுவார். கேரட் ஒன்றேகால் கிலோ, பீட்ரூட் முக்கால் கிலோ, வெங்காயம் முக்கால் கிலோ போதும்.

பீட்ரூட்டைத் துருவியதும் மெல்லிய துணியில் போட்டு ஒரு பிழி பிழியுங்கள். கேரட்டைப் பிழிய வேண்டாம், உலர்ந்து சக்கையாகிவிடும். வெங்காயத்தை மட்டும் அங்கே போய் நறுக்குங்கள். காலையிலேயே நறுக்கினால் மாலைக்குள் வாடை மாறிவிடும். மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு போடும்போது சேர்த்தால் போதும்.

சட்னியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இட்லிக்கு அரைக்கிற பதம் இதற்கு ஆகாது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து வடித்துவிட்டு, பூண்டும் உப்பும் சேர்த்து, தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாமல் அரையுங்கள். மிக்ஸி சுற்ற மறுத்தால் ஊறிய மிளகாயில் இன்னும் இரண்டைப் போடுங்கள், தண்ணீரை ஊற்றாதீர்கள். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். பச்சைச் சட்னிக்குத் தழையைக் கழுவித் துணியில் உலர்த்திய பிறகு அரைக்க வேண்டும். கழுவிய ஈரத்தோடு அரைத்தால் அந்தத் தண்ணீரே போதும், காரியத்தைக் கெடுத்துவிடும். கெட்டிக்குக் கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்க்கலாம்.

கடைசியாக ஒன்று. முன்கூட்டியே அடுக்குகிற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். செட் என்பது கண்ணெதிரே போட்டு, கையில் கொடுத்து, உடனே வாய்க்குள் போவது. நாற்பது பேர் ஒரே நிமிடத்தில் வாய் திறக்கப் போவதில்லை. இரண்டு பேர் போட்டுக்கொண்டே இருந்தால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

வைகைக்கரை:

மதுரையிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்று வருத்தமாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை நேரம் பேசியும் பன் பரோட்டா என்ற சொல்லே வரவில்லை! மெத்தென்று ஊதிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவைக் கொட்டினால் ஊற வேண்டும், ஊறுவதுதான் அதன் அழகு. நீங்கள் எல்லோரும் நமுத்துப் போகக் கூடாது என்று பயப்படுகிறீர்கள், எங்களுக்கு ஊறாவிட்டால்தான் வருத்தம்.

இருந்தாலும் சேலத்துத் தம்பிக்கு ஒரு யோசனை. பரோட்டாக் கடையில் கல்லுக்கு முன்னால் நிற்பவன் சாப்பாட்டை மட்டும் பார்ப்பதில்லை, மாஸ்டரின் கையையும் பார்க்கிறான். தாதர் நண்பர் ஜெயித்தது பாதி வடைக்காக, பாதி அங்கேயே பொரித்ததற்காக. நீங்களும் ஒரு மேசையைப் போட்டு, தட்டைப் பரப்பி, அவர்கள் பார்க்கும்படி போடுங்கள். காரம் கூட, காரம் கம்மி என்று அவரவர் கேட்டு வாங்கட்டும்.

செவ்வாய்பேட்டைக்காரன்:

அக்கா, உங்கள் பதிலை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எண்ணெய்ச் சத்தம் அடங்குவதுதான் கணக்கு என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முடிவு செய்துவிட்டேன். நானூற்றைம்பது தட்டுவடை, "செட்டுக்கு" என்று சொல்லியாகிவிட்டது. மேசைக்குப் பின்னால் நானும் தாதர் நண்பரும் நிற்கப் போகிறோம். அவரே உதவிக்கு வருவதாகச் சொன்னார். தன் ஊர்ப் பூண்டுப் பொடியையும் ஒரு டப்பாவில் கொண்டுவருகிறாராம், ஒரு செட்டில் சிவப்புச் சட்னிக்குப் பதிலாக அதைத் தூவிப் பார்க்க வேண்டுமாம். தாராவி அக்கா, இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பொடியில் ஈரம் இல்லை, அதனால் நமுக்கிற பேச்சுக்கே இடமில்லை. தட்டுவடை செட்டில் அதைச் சேர்ப்பதா என்று முதலில் தயங்கினேன். எங்கள் வண்டிகளில் மாங்காய் செட், முறுக்கு செட் என்று இத்தனை வகை வந்தபோது யாரும் தடுக்கவில்லை, இதை மட்டும் நான் ஏன் தடுக்க வேண்டும்?

வைகைக்கரை அண்ணா, பன் பரோட்டாவுக்கு என்னிடம் ஒரு எதிர்வாதமும் இல்லை. ஆனால் அதற்கு இலையும் உட்கார இடமும் வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேராது. வடமராட்சி அக்கா, வடைக்கு உழுந்தும் மாவும் எந்த அளவில் சேர்ப்பீர்கள் என்று சொல்ல முடியுமா? அதே மேசையில் ஒரு ஓரத்தில் உங்கள் ஊர் வடையையும் தேநீரோடு வைக்க ஆசைப்படுகிறேன்.

வடமராட்சி:

கட்டாயம் சொல்கிறேன் தம்பி. அம்மாவிடம் கேட்டு இன்று இரவே எழுதுகிறேன், அவர் கை அளவில்தான் போடுவார், கிண்ணத்தில் அளந்து தரச் சொல்ல வேண்டும்.

அம்மாபேட்டை அக்கா:

பூண்டுப் பொடி நல்ல யோசனை, நானும் போட்டுப் பார்க்கிறேன். தம்பி, பஸ்ஸில் டப்பாவை மேல் கேரியரில் போட விடாதீர்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைக்கச் சொல்லுங்கள், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் முக்கால்வாசி உடையும்.